ஒரு குவளைக் குளம்பி கேட்ட குற்றம்

பசித்தவன் சோறு கேட்பதும் விடாய்த்தவன் நீர் கேட்பதும் எந்நாட்டிலும் எம்மொழியிலும் மிக எளிய செயல்கள். குழந்தை முதன்முதற் கற்கும் சொற்களுள் அவையும் அடங்கும். எழுத்தறியாதவனும் அவற்றைக் கேட்க நாணுவதில்லை. அத்தகைய எளிய செயல்களுள் ஒன்று, தமிழன் தன் தாய்மண்ணிலேயே தயங்கியும் தடுமாறியும் தலைகுனிந்தும் செய்ய வேண்டிய அருஞ்செயலாக இன்று மாறியிருக்கின்றது. ஒரு குவளைக் குளம்பி வாங்கிப் பருகுவதே அச்செயல்.

மக்கள் நாவில் காப்பி என வழங்கும் பருகுநீரையே தனித்தமிழ் அன்பர்கள் குளம்பி என எழுதியும் பேசியும் வருகின்றனர். அதன் கொட்டை நடுவிற் பிளவுபட்டு ஆவின் குளம்புபோல் தோன்றுவதால் அமைந்த பெயர் அஃது. அப்பெயரை எள்ளி நகையாடுவோர் இன்றும் உளர். அவர்க்குரிய விடை பின்னர் வரும். முதற்கண் கடைக்குள் நடப்பதைக் காண்போம்.

கோவை நகரத்துப் பெருங்கடை வளாகம் ஒன்றில் எந்நாளும் நிகழக்கூடிய காட்சி இது. பொள்ளாச்சிப் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த முதியவர் ஒருவர், வீட்டார் துணி எடுத்துக்கொண்டிருக்கக் கால் ஓய்ந்து, குளிரூட்டிய குளம்பிக் கடைக்குள் நுழைகின்றார். நாற்பது ஆண்டுகளாகக் காலையும் மாலையும் குளம்பி பருகிப் பழகியவர். எதிர்ச்சுவரில் விளக்கொளி வீசும் பெரும்பலகை தொங்குகின்றது. அதில் முப்பது நாற்பது பெயர்கள் உள்ளன. ஓரெழுத்தேனும் தமிழில் இல்லை. அவர் பலகையை விட்டுவிட்டுப் பணியாளனாகிய இளைஞனைப் பார்த்து வாய் திறக்கின்றார்.

"ஒரு காப்பி குடு கண்ணு."

"எசுப்பிரெசோவா, காப்புச்சினோவா, இலாத்தேவா சார்?"

"காப்பிதான் கண்ணு."

"எல்லாமே காப்பிதாங்க சார். ஆட்டா, கோல்டா?"

"சூடாத்தான்."

"சைசு சொல்லுங்க சார். சுமாலா, மீடியமா, இலார்சா?"

முதியவர்க்குப் பின்னே நால்வர் நிற்கின்றனர். ஒருவர் கனைக்கின்றார். மற்றொருவர் கைப்பேசியில் மணி பார்க்கின்றார். முதியவர் முகத்தில் வியர்வை அரும்புகின்றது. வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டு வாங்கியவர், ஒரு குவளைக் குளம்பி கேட்கத் தெரியாதவராய் நான்கு பேர் நடுவே நிற்கின்றார். "வேண்டாம் கண்ணு" எனத் திரும்ப முற்படுகின்றார். அப்போது அவ்விளைஞன் சற்றே முன்குனிந்து, மேலாளர் காதில் விழாத குரலில் கேட்கின்றான்.

"பால் காப்பிங்களா, வறக்காப்பிங்களா ஐயா?"

"பால் காப்பி கண்ணு. சக்கரை கொறச்சுப் போடு."

அவ்வளவுதான். முப்பது பெயர்கள் விளக்க மாட்டாததை இரண்டு தமிழ்ச்சொற்கள் விளக்கிவிட்டன. கேட்டவர்க்கும் கொடுத்தவனுக்கும் இடையே எழுந்த சுவர் நொடியில் தகர்ந்தது. ஆனால் அவ்விரு சொற்களை அவன் ஏன் தாழ்குரலிற் சொல்ல வேண்டும்? தமிழ்நாட்டில், தமிழன் ஒருவன், மற்றொரு தமிழனிடம், தமிழிற் பேசுவதை ஏன் ஒளித்துச் செய்ய வேண்டும்? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

இங்குக் குற்றவாளி யார்? முதியவர் அல்லர், அவர் கேட்டது எல்லார்க்கும் விளங்கும் சொல். இளைஞனும் அல்லன், அவனுக்குப் பயிற்சி தந்தவர் எச்சொற்களைச் சொல்லப் பயிற்றினரோ அச்சொற்களையே அவன் சொன்னான். வயிற்றுப் பிழைப்புக்கு வந்தவனைக் கடிவதில் பயனில்லை. குற்றம் அப்பலகையிலும், அப்பலகையை அங்ஙனம் எழுதுவித்தவர் உள்ளத்திலும், அதனைப் பார்த்தும் பாராதிருந்த நம்மிடத்திலும் உள்ளது.

அப்பலகையில் அருமறைபோல் எழுதப்பெற்ற பெயர்களின் பொருளைத்தான் சற்றுப் பிரித்துப் பார்ப்போமே. எசுப்பிரெசோ என்பது இத்தாலியச் சொல். அழுத்திப் பிழிந்தது என்பது அதன் பொருள். நீராவியின் அழுத்தத்தால் குளம்பி வடிக்கும் பொறிக்கு 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மொரியொண்டோவும், பின்னர் அதனைத் திருத்தி 1901-இல் மிலான் நகரத்து உலூயிசி பெசேராவும் காப்புரிமை பெற்றனர். அப்பொறியில் வடிந்த செறிந்த சாற்றுக்கு அவர்தம் மக்கள் தம் தாய்மொழியில் இட்ட பெயர் அது. காப்புச்சினோ என்பது கப்புச்சின் துறவியர் அணியும் பழுப்புநிற ஆடையின் நிறத்தால் வந்த பெயர். மாக்கியாத்தோ என்றால் கறைபட்டது என்று பொருள். சாற்றின்மேல் ஒரு துளிப் பால் கறைபோற் படிந்தமையால் அப்பெயர். மோக்கா என்பது ஏமன் நாட்டுத் துறைமுகம் ஒன்றின் பெயர். அரபு நாட்டுக் குளம்பி அத்துறையிலிருந்தே உலகெங்கும் கப்பலேறியது.

இனி இலாத்தே. நம் இளைஞர் இதழ் குவித்து ஒலிக்கும் இப்பெருஞ்சொல்லுக்கு இத்தாலியத்தில் பொருள் பால் என்பதே! அந்நாட்டுக் கடையில் நுழைந்து வெறுமனே இலாத்தே என்று கேட்டால் ஒரு குவளைப் பாலைத்தான் கொண்டுவந்து வைப்பர். பால் என்னும் நம் சொல்லைச் சொன்னால் நாட்டுப்புறத்தான் எனவும், அதே பொருளுடைய இத்தாலியச் சொல்லைச் சொன்னால் நாகரிகன் எனவும் மதிக்கும் மயக்கத்தை என்னென்பது! அளவுப் பெயர்களிலும் இதே கூத்துத்தான். அமெரிக்க முறையைப் பின்பற்றும் கடைகளில் வெண்டி என்றோர் அளவு உண்டு. இத்தாலியத்தில் அஃது இருபது என்னும் எண்ணுப்பெயர். இருபது அவுன்சு கொள்ளும் குவளை என்பதே கருத்து. அங்கே உயரம் எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர் தாங்கிய குவளையோ பலகையிற் கண்டவற்றுள் சிறியது. சிறியதை உயரமென்றும் எண்ணைப் பெயரென்றும் சொல்லும் இடத்தில் முதியவர் மயங்கியது அவர் குற்றமா?

ஒன்றை இங்குக் கருத வேண்டும். இத்தாலியர் செய்தது பிழையன்று, அது போற்றத்தக்கது. தம் நாட்டிற் பிறந்த பருகுநீர்க்குத் தம் தாய்மொழியில், தம் வீட்டுச் சொல்லால், தம் தெருவிற் கண்ட துறவியின் ஆடை நிறத்தால் பெயரிட்டனர். பால் சேர்த்ததைப் பால் என்றனர். பிழிந்ததைப் பிழிந்தது என்றனர். அவர்தம் நாட்டு உழவனும் அப்பெயர்களைக் கேட்டவுடன் பொருளறிவான். நாம் அவரிடம் கற்க வேண்டியது அச்சொற்களையன்று, அவ்வழக்கத்தை.

அவ்வழக்கமும் நமக்குப் புதிதன்று. நம் மக்கள் எவரிடமும் கேளாமல், எந்தக் குழுவும் கூடாமல், தாமே செய்து முடித்த செயல் அது. பாலிட்டது பாற்காப்பி. பாலில்லாதது வறக்காப்பி, சில பகுதிகளில் கடுங்காப்பி. பனங்கருப்பட்டி இட்டது கருப்பட்டிக் காப்பி. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டது சுக்குக் காப்பி. அதில் குளம்பித் தூள் இல்லாத போதும் அப்பெயரே வழங்குகின்றது. கடுங்காப்பி பண்புத்தொகை, பாற்காப்பி, பாலொடு கலந்த காப்பி என விரியும் உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இலக்கணம் கல்லாத ஆத்தாவும் அப்பத்தாவும் அமைத்த தொகைச்சொற்கள் இவை! அடைமொழி முன்னும் பெயர் பின்னுமாக நின்று, என்ன இட்டது, எத்தன்மையது என்பதைக் கேட்டவுடன் உணர்த்துகின்றன. குளம்பியை உயரத்திலிருந்து குவளைக்கும் வட்டிலுக்கும் மாற்றி மாற்றி ஊற்றிச் சூடு தணித்து நுரையெழுப்பும் செயலை ஆற்றுதல் என்னும் ஒரே சொல்லால் தமிழ் குறிக்கின்றது. இத்துணை வளமுடைய மொழியையா ஒரு பலகைக்கு வெளியே நிறுத்துவது?

ஆனால் குற்றமெல்லாம் புதுக்கடைகளின் மேலது எனக் கூறித் தப்புதல் நேர்மையாகாது. நம்மவர் நடத்திய பழங்கடைகளும் தூய்மையானவை அல்ல. ஒரு தலைமுறை காப்பிக் கிளப்பு என்றது. அடுத்த தலைமுறை ஓட்டல் என்றது. குடந்தையின் பெயரால் நெடுஞ்சாலையெங்கும் விற்கும் டிகிரி காப்பியில் டிகிரி ஆங்கிலம். பாலின் தரத்தைப் பால்மானியால் அளந்து பாகையிற் கூறியதால் வந்ததென்பாரும் உளர். வடிநீரை டிகாக்சன் என்றோம். கெட்டியாக வேண்டியதைச் சிட்ராங்கு என்றோம். வேற்றுச்சொல்லுக்கு வாயிற் கதவை முதலில் திறந்துவைத்தவர் நாமே. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. அப்பழங்கடையில் எழுத்தறியாதவனும் நாணாமல் நுழைந்து, ஒரு காப்பி என்று சொல்லி, பருகிவிட்டுப் போக முடிந்தது. சொல் கலந்திருந்தது; ஆள் விலக்கப்படவில்லை. புதுக்கடையிலோ சொல்லே வாயிற்காப்போனாக நிற்கின்றது.

ஆள் விலக்கப்படவில்லை என்றவுடன் ஒரு வரலாறு நினைவுக்கு வருதல் வேண்டும். குளம்பிக் கடையின் பலகை ஆளை விலக்கிய காலமும் இந்நாட்டில் இருந்தது. கடைப்பெயரோடு பிராமணாள் என்னும் சொல்லையும் சேர்த்து எழுதிப் பிறப்பின் பெயரால் வேற்றுமை காட்டினர். 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தகைய பலகை ஒன்றை எதிர்த்துப் பெரியார் தொடங்கிய மறியல் பல மாதங்கள் நீண்டது. தொண்டர்கள் பலர் சிறைபுகுந்தனர். ஒரு சொல்லுக்காகவா இத்துணைக் கிளர்ச்சி என அன்றும் நகைத்தவர் இருந்தனர். ஆயினும் அச்சொல் பலகைகளிலிருந்து மறைந்தது. கடைப்பலகையிலுள்ள சொல் வெறுஞ்சொல் அன்று. யார்க்கு இந்த இடம் உரியது, யார் இங்கு வேற்றாள் என அறிவிக்கும் ஆணை அது என்பதை அப்போராட்டம் காட்டியது. அன்று பிறப்பு வேலியாக இருந்தது. இன்று ஆங்கிலப் பயிற்சி வேலியாக இருக்கின்றது. இரண்டும் ஒரே அளவின அல்ல. முன்னதன் கொடுமை பெரிது. ஆனால் வேலியின் இயல்பு ஒன்றே.

குளம்பி தமிழனுக்கு வேற்றுப் பொருள் எனவும் கருதற்க. சேர்வராயன் மலையிலும், கீழைப் பழனி மலையிலும், நீலமலையின் கூடலூர்ப் பக்கத்திலும், ஆனைமலையின் வால்பாறையிலும் குளம்பி விளைகின்றது. தாண்டிக்குடியில் காப்பி வாரியத்தின் ஆய்வு நிலையம் உள்ளது. இதனினும் துயரமான தொடர்பொன்று கடல் கடந்து உள்ளது. 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் மலைநாட்டில் வெள்ளையர் அமைத்த தோட்டங்கள் முதலில் தேயிலைத் தோட்டங்கள் அல்ல, குளம்பித் தோட்டங்களே. அவற்றுக்கு உழைக்கத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஏழைத் தமிழர் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாய்ச் சென்றனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1869-இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அக்குளம்பியை அழித்தது. அதன்பின்னரே தேயிலை அங்கு மலைகளை மூடியது. அத்தோட்டங்களிற் பாடுபட்டோரின் வழிவந்த மலையகத் தமிழரைத்தான் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. உலகம் குளம்பி பருகத் தமிழன் குருதி கொடுத்திருக்கின்றான். அவன் வழிவந்தவன் தன் ஊரில் ஒரு குவளை கேட்க மொழிபெயர்ப்பாளனைத் தேடுகின்றான் எனின், அதனைச் சிறு செய்தி எனத் தள்ளுதல் எங்ஙனம்?

இனி மறுப்புரைப்போர் கூற்றுகளை நோக்குவோம்.

காப்பியே வேற்றுமொழிச் சொல்லாயிற்றே, அதன் வகைப்பெயர்கள் மட்டும் ஏன் தமிழில் வேண்டும் என்பர். உண்மை, அரபியரின் ககுவா துருக்கியர் வாயில் ககுவே ஆயிற்று, இத்தாலியர் வாயில் காபே, ஒல்லாந்தர் வாயில் கோபி, ஆங்கிலர் வாயில் காபி என உருமாறிற்று. ஒவ்வோரினமும் தன் நாவுக்கேற்பத் திருத்திக்கொண்டது. எவரும் அரபியரைப்போல் ஒலிக்க இயலவில்லையே என நாணவில்லை. அதனினும் சிறந்த சான்று ஒன்று உண்டு. குளம்பிச் செடியின் பிறந்தகம் எத்தியோப்பியா. அந்நாட்டு அம்மாரிய மொழியில் அதன் பெயர் பூனா. ஆர்மீனியர் தம் மொழியிற் சுர்ச் என்பர். உலகமே ஒரு சொல்லின் திரிபுகளைச் சொல்லும்போது தமக்கெனத் தனிச்சொல் வைத்திருக்கும் அவர்களை எவரும் எள்ளுவதில்லை. குளம்பி என்று தமிழன் சொன்னால் மட்டும் நகைப்பு எங்கிருந்து பிறக்கின்றது? சொல்லிலிருந்து பிறக்கவில்லை, தாழ்வுள்ளத்திலிருந்து பிறக்கின்றது.

கொட்டை வடிநீர் என்று கேட்டால் யாருக்கு விளங்கும் எனக் கேட்டுச் சிரிப்பது மற்றொரு பழைய கூத்து. சொல்லாக்க முயற்சிகளுள் சில நெடியனவாகவும் நாவுக்கு அரியனவாகவும் அமைந்தது உண்டு. அவை தாமே உதிர்ந்தன. அஃது எல்லா மொழிக்கும் இயல்பு. ஆனால் தேநீர் உதிரவில்லை. பேருந்து உதிரவில்லை. தொலைபேசி உதிரவில்லை. ஏன்? தேநீர்க் கடைகளின் பலகைகளில் தேநீர் எழுதப்பட்டது. பேருந்து நிலையங்களின் நெற்றியிற் பேருந்து எழுதப்பட்டது. மக்கள் நாள்தோறும் கண்டனர். கண்டது நாவில் ஏறியது. ஈழத்து வன்னியில் 2009-க்கு முற்பட்ட ஆண்டுகளில் வெதுப்பகம் என்றும் குளிர்களி என்றும் கடைகளில் எழுதினர். சிறுவர் முதலாகக் குளிர்களி கேட்டு வாங்கிச் சுவைத்தனர். எவரும் சிரிக்கவில்லை. சொல்லின் வாழ்வு அகரமுதலியில் இல்லை, விலைப்பலகையில் உள்ளது.

இவ்விடத்தில் தனித்தமிழ் அன்பர்கள் தம்மையும் கேட்டுக்கொள்ளுதல் கடன். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. ஆயிரக்கணக்கான சொற்கள் ஆக்கப்பட்டன. அவற்றுள் எத்தனைச் சொற்களை எத்தனைக் கடைக்காரரிடம் கொண்டுசென்றோம்? குளம்பி என இதழ்களில் எழுதிவிட்டுத் தெருமுனைக் கடையில் காப்பி என்றே கேட்டுப் பருகும் அன்பர் நம்மிடையே மிகப் பலர். பருகுவோர் இல்லாத பெயர் பந்தலில்லாக் கொடி.

மூன்றாவது கூற்று, உலகப் பொதுச்சொற்களை மாற்றினால் வணிகம் கெடும் என்பது. அதற்கு விடையாகப் பிற நாடுகளை நோக்குக. பிரெஞ்சு நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், விற்கும் பொருளின் பெயர், விளக்கம், விலைச்சீட்டு முதலியன பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும் என்கின்றது. கனடா நாட்டுக் கியூபெக்கு மாநிலத்தின் 1977-ஆம் ஆண்டுப் பிரெஞ்சு மொழிப் பட்டயத்தின் 51-ஆம் பிரிவு, உணவுப் பட்டியலும் தேறற் பட்டியலும் பிரெஞ்சில் இருத்தல் வேண்டும் என வெளிப்படையாகவே கூறுகின்றது. வேற்றுமொழி சேர்ந்து நிற்கலாம், ஆனால் பிரெஞ்சினும் முந்தி நிற்றல் கூடாது. அந்நாடுகளில் குளம்பி வணிகம் கெட்டுவிடவில்லை.

அதே கியூபெக்கு ஒரு படிப்பினையையும் தருகின்றது. 2013-இல் அங்குள்ள மொழி அலுவலகத்தார் இத்தாலிய உணவுக்கடை ஒன்றின் பட்டியலில் இருந்த பாசுத்தா என்னும் சொல்லையும் குறையெனச் சுட்டினர். உலகமே நகைத்தது; அலுவலகத்தின் தலைவரும் பதவி விலகினார். உரிமையைக் காப்பதற்கும் சொல்வேட்டை ஆடுவதற்கும் உள்ள எல்லையை மறந்தால் நற்செயலும் நகைப்புக்கிடமாகும். இத்தாலியப் பெயரைத் துடைத்தெறிக என்பதன்று தமிழர் கோரிக்கை. பெயரும் பொருளும் தமிழில் முன்னே பெரிதாக நிற்கட்டும். வேற்றுப்பெயர் வேண்டுவோர்க்கு அதன்கீழ்ச் சிறிதாக நிற்கட்டும் என்பதே.

நம் நாட்டிற் சட்டமே இல்லையோ எனின், உண்டு. தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் விதிகள், 1948-இன் 15-ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் எனவும், வேற்றுமொழி சேர்ப்பின் தமிழே முதன்மையாக விளங்குதல் வேண்டும் எனவும் கூறுகின்றது. ஆனால் அது கடையின் நெற்றியைப் பற்றிய விதி. கடையின் உள்ளே தொங்கும் விலைப்பலகையன்றோ வாங்குவோன் நாள்தோறும் முட்டி மோதும் சுவர்! 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறிந்துகொள்ளும் உரிமையை நுகர்வோர்க்கு அளிக்கின்றது. படிக்கவியலாத மொழியில் அறிவிப்பது அறிவிப்பாகுமா? குருடனுக்கு விளக்கேற்றி வைத்ததுபோன்றது அன்றோ அது? 15-ஆம் விதி கடையின் நெற்றியோடு நில்லாமல் விலைப்பலகைக்கும் நீளுதல் வேண்டும். அரசு இதற்குப் பெருஞ்செலவு செய்ய வேண்டுவதில்லை. ஒரு திருத்தமும் அதனை நிறைவேற்றும் உறுதியும் போதும்.

சொற்கள் இல்லை என எக்கடைக்காரரும் கூறாதிருக்க, இதோ சொற்கள். மக்கள் அமைத்த வழியிலேயே இவை அமைகின்றன. வடிகட்டியில் இறக்கிய நம் நாட்டு வகை வடிகுளம்பி. எசுப்பிரெசோ செறிகுளம்பி; இரண்டும் அழகிய வினைத்தொகைகள். செறிகுளம்பியில் வெந்நீர் சேர்த்து அமெரிக்கானோ எனப்படுவது வறுங்குளம்பி. நுரை மிகுந்த காப்புச்சினோ நுரைக்குளம்பி. பால் மிகுந்த இலாத்தே பாற்குளம்பி. துளிப்பால் இட்ட மாக்கியாத்தோ துளிப்பாற் குளம்பி. இன்கட்டி கலந்த மோக்கா இன்கட்டிக் குளம்பி. பனிக்கட்டி இட்டது தண்குளம்பி. அளவுகள் சிறிது, நடு, பெரிது. இப்பட்டியலை ஒரு தாளில் எழுதி நீட்டினால், பொள்ளாச்சி முதியவர் பலகையைப் படித்து நொடியிற் கேட்டுப் பெறுவார். அமெரிக்க நாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த அவர் பேரனும் வழிதவற மாட்டான்.

குளம்பி என எழுதக் கூசும் கடைக்காரர் உளராயின், நுரைக்காப்பி எனவும் பாற்காப்பி எனவும் தமிழெழுத்திலேனும் எழுதட்டும். அது முழுவெற்றியன்று, முதற்படி. முதற்படியை இகழ்ந்து மாடியை வேண்டி நிற்பது மாடியேறும் வழியன்று. பெயரடை தமிழாயின் பெயரும் நாளடைவில் தமிழாகும்.

கடைக்காரரும் அரசும் செய்வன ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு தமிழரும் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. அக்கடைகளைப் புறக்கணித்து வீட்டில் இருப்பதால் பலகை மாறாது. உள்ளே செல்க. தலைநிமிர்ந்து நிற்க. பாலிட்டது, சிறிது, சூடாக எனத் தமிழிற் கேட்க. பணியாளன் விழித்தால் கடிந்துகொள்ளற்க, பொறுமையாக விளக்குக. அவனும் நம் பிள்ளை. அவன் நாவிலும் தமிழே ஊறிக் கிடக்கின்றது. வெளிவர ஒருவர் கேட்பதற்காகக் காத்திருக்கின்றது. பருகி முடித்தபின், விலைப்பலகை தமிழில் வேண்டுமெனக் கடையின் கருத்தேட்டில் இரண்டு வரி எழுதிக் கையொப்பமிடுக. வணிகன் கொள்கைக்கு அஞ்சான். ஆனால் வாங்குவோன் விருப்பத்தை மறுக்க மாட்டான். ஒருவர் கேட்டால் வியப்பான். பதின்மர் கேட்டால் எண்ணுவான். நூற்றுவர் கேட்டால் பலகையை மாற்றுவான்.

ஒரு மொழி சாவது அதன் பாவியங்கள் மறக்கப்படும்போது அன்று. சந்தையிலும் சாவடியிலும் அதனைக் கொண்டு ஒரு பொருளை வாங்க முடியாமற் போகும்போதே அதன் சாவு தொடங்குகின்றது. மேடையிற் செம்மொழி எனப் போற்றப்படும் தமிழ், ஒரு குவளைக் குளம்பி வாங்கப் பயன்படாது எனின், அப்போற்றுதல் பிணத்துக்குச் சூட்டிய மாலையே.

அவ்விளைஞன் தாழ்குரலிற் சொன்ன இரண்டு சொற்கள் உரத்த குரலில் ஒலிக்கும் நாள் வருதல் வேண்டும். அந்நாளை வரவழைக்கும் பொறுப்பு முதியவர்க்குப் பின்னே மணி பார்த்து நின்ற நால்வர்க்கும் உண்டு. அந்நால்வர் வேறெவரும் அல்லர்; நாமே.